பனிக்காலத்துப் பரங்கிக்காய்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)

பரங்கிக்காய் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. விடுதி உணவறையில் பரங்கிக்காய்க் கூட்டு பரிமாறப்படும் நாளில் தட்டுகளின் ஓரம் மஞ்சளாகிவிடுவதை எல்லோரும் அறிவோம். சகோதரிகளின் கண்ணிலும் அது படாமலில்லை. ஆனால் அதே குடும்பத்துக் காயை வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த மாநிலங்களில் விருந்து நாளன்று மேசையின் நடுவே வைக்கிறார்கள். ஓவனில் சுட்டு, வெண்ணெயும் மேப்பிள் பாகும் ஊற்றி, அக்ரூட் பருப்பைத் தூவி, இறைச்சிக்குத் தொடுகறியாக விரும்பி உண்கிறார்கள். காயில் பெரிய வேற்றுமை இல்லை. சமைக்கும் முறையிலும், சமைப்பதற்கு முன் காத்திருக்கும் முறையிலுமே வேற்றுமை இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறோம்.

ஆங்கிலத்தில் இக்காய்களுக்கு ஸ்குவாஷ் என்று பெயர். அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்கு ஆரஞ்சுச் சாறு அடைத்த புட்டிதான் நினைவுக்கு வரும். அந்த ஸ்குவாஷ் வேறு. அது நசுக்குதல், பிழிதல் என்னும் பொருளுடைய சொல். காயின் பெயரோ ஐரோப்பிய மொழி எதிலும் பிறந்ததன்று. இன்றைய ரோட் ஐலண்டு மாநிலப் பகுதியின் பழங்குடிகளான நராகன்செட் மக்களின் மொழியில் அது 'அஸ்குடாஸ்குவாஷ்' என்றிருந்தது. அங்கே குடியேறிய ஆங்கிலேயருக்கு அவ்வளவு நீளமான சொல் நாவில் புரளவில்லை போலும். வாலை மட்டும் வைத்துக்கொண்டு தலையை வெட்டிவிட்டார்கள். பச்சையாக உண்ணத்தக்கது என்பது அச்சொல்லின் பொருள். ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் அம்மக்களின் மொழியைப் பற்றி 1643-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது.

ஸ்குவாஷ் காய்களைக் கோடைக்கால வகை, குளிர்கால வகை என இரண்டாகப் பிரிக்கிறார்கள். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குளிர்கால வகை குளிர்காலத்தில் விளைவதன்று. இரண்டு வகையும் கோடையில்தான் விளைகின்றன. சுக்கினி போன்ற கோடைக்கால வகையைப் பிஞ்சிலேயே, தோல் மெல்லியதாக இருக்கும்போதே பறித்துச் சில நாட்களில் சமைத்துவிட வேண்டும். குளிர்கால வகையைக் கொடியிலேயே நன்கு முற்றவிட்டு, தோல் ஓடு போல் இறுகிய பின், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், உறைபனி இறங்குவதற்கு முன் அறுத்து வைப்பார்கள். குளிர்காலத்தில் உண்பதற்காகச் சேமிக்கப்படுவதால் அப்பெயர் பெற்றது. நம் பேச்சில் சொன்னால் ஒன்று பிஞ்சு, மற்றொன்று முற்றல், அவ்வளவே.

இது சின்னச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் மாசசூசெட்ஸ் போன்ற இடத்தில் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை நிலம் பனியில் உறைந்து கிடக்கும். கீரை இல்லை, வெண்டை இல்லை, பச்சையாக எதுவுமே முளைப்பதில்லை. இரயிலும் குளிர்பதனப் பெட்டியும் வராத காலத்தில் அங்கு வாழ்ந்த ஒரு தாய், ஐந்து மாதங்களுக்கு வேண்டிய உணவை முன்கூட்டியே நிலவறையில் அடுக்கி வைக்க வேண்டும். தவறினால் பிள்ளைகள் பட்டினி. உப்பிடாமல், புகையிடாமல், புட்டியில் அடைக்காமல், தன் தோலையே பாத்திரமாகக் கொண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் காய் அவளுக்கு எத்தகைய செல்வமாக இருந்திருக்கும்! தினந்தோறும் கறிகாய் வண்டி வந்து நிற்கும் தெருவில் வாழும் நமக்கு இதை நினைத்துப் பார்ப்பது சற்றுக் கடினமே.

இந்தச் செல்வத்தைக் கண்டெடுத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் உள்ள ஒரு குகையில், மக்கள் பயிரிட்டு வளர்த்த ஸ்குவாஷ் விதைகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். அமெரிக்கக் கண்டங்களில் மக்காச்சோளம் பயிரிடப்படுவதற்கும் முன்பே இக்காய் பயிரிடப்பட்டுவிட்டது. பின்னாளில் சோளம், அவரை, ஸ்குவாஷ் ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைக்கும் வழக்கம் ஏற்பட்டது. சோளத்தட்டை அவரைக்குக் கொழுகொம்பாகிறது. அவரையின் வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது. ஸ்குவாஷின் அகன்ற இலைகள் தரையை மூடி, ஈரம் காயாமலும் களை முளைக்காமலும் காக்கின்றன. இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த ஹௌடெனோசௌனி மக்கள் இவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். ஆங்கில நூல்களில் இராக்வா என்று குறிக்கப்படுபவர்கள் இவர்களே. இவர்களிடையே பயிர்த்தொழில் முழுவதும் பெண்களின் கையில் இருந்தது. எந்த விதையை வைத்துக்கொள்வது, எதைத் தின்பது என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. இன்று கடையில் கிடைக்கும் இனிப்பான காய்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் தேர்வு இருக்கிறது.

பெயர் தெரிந்த ஒருவரும் உண்டு. வட டகோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்தைச் சேர்ந்த பஃபலோ பேர்ட் உமன் என்னும் மூதாட்டி, தம் இனத்தாரின் பயிர்முறையை வாய்மொழியாகச் சொல்ல, கில்பர்ட் வில்சன் என்பவர் அதை எழுதி 1917-இல் நூலாக்கினார். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த கத்தியால் ஸ்குவாஷைத் துண்டு துண்டாக நறுக்கி, குச்சிகளில் கோத்து, வெயிலில் காயவைத்து, குளிர்காலத்திற்குச் சேமித்ததை அவர் விவரிக்கிறார். படிக்கும்போது நம் வீட்டு மொட்டை மாடியில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் காய்வது கண்ணில் தெரிகிறது. வற்றல் போடுவதற்கு நாடு, மொழி வேறுபாடு கிடையாது போலும்.

இவ்வுணவு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை ஒரு போரின் கதை காட்டுகிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779-ஆம் ஆண்டில், ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி ஜெனரல் ஜான் சல்லிவன் ஒரு படையுடன் ஹௌடெனோசௌனி நாட்டிற்குள் சென்றார். படையினர் நாற்பது ஊர்களுக்கு மேல் கொளுத்தினார்கள். ஊர்களோடு நிற்கவில்லை. அறுவடைக்கு நின்ற சோளத்தையும் அவரையையும் ஸ்குவாஷையும் அழித்தார்கள், பழமரங்களை வெட்டினார்கள். உயிர் தப்பிய மக்கள் நயாகரா கோட்டையருகே தஞ்சம் புகுந்தனர். அடுத்து வந்த 1779-80 குளிர்காலமோ மிகக் கொடியது. பசியாலும் குளிராலும் பலர் மடிந்தனர். எதிரியின் குளிர்கால உணவை அழித்துவிட்டால் எதிரியையே அழித்தது போலாகும் என்பதை அந்தப் படைத்தலைவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் வாஷிங்டனுக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

இனி சமையலுக்கு வருவோம். பழங்குடி மக்கள் காயை முழுதாகவே தணலிலும் சூடான சாம்பலிலும் புதைத்துச் சுட்டார்கள். குடியேறிய ஆங்கிலப் பெண்கள் வேறு வழிகளையும் கண்டார்கள். ஜான் ஜாசலின் என்பவர் 1672-இல் எழுதிய நூலில் அவர்களது முறை ஒன்றைத் தருகிறார். பழுத்த காயை நறுக்கிப் பானை நிறையப் போட்டு, இளந்தீயில் ஒரு பகல் முழுவதும் வேகவிடுவார்கள். அது சுருங்கச் சுருங்க மேலும் காயைச் சேர்ப்பார்கள். தண்ணீர் விடுவதில்லை. கடைசியில் வெண்ணெய், புளிக்காடி, வாசனைப் பொருள் சேர்த்து இறக்குவார்கள். சுட்ட ஆப்பிளைப் போல இருக்கும் என்கிறார் அவர். தண்ணீரில்லாமல் மெல்லச் சுண்டவைத்தால் சுவை கூடும் என்பதை அப்போதே அறிந்திருந்தார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று சொல்லப்படும் அமீலியா சிம்மன்ஸின் நூலிலும் (1796) குளிர்கால ஸ்குவாஷில் செய்யும் புட்டிங் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் வீடுகளுக்கு வந்த பிறகு, காயை இரண்டாகப் பிளந்து ஓவனில் சுடுவது எல்லோருக்கும் எளிதாயிற்று.

கடைகளில் விற்கும் வகைகள் பல. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஹப்பர்ட் என்பது பழையது, பெரியது, கரடுமுரடான தோலுடையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட் ஊரில் விதை வணிகம் செய்த ஜேம்ஸ் கிரெகரி, அவ்வூரில் வாழ்ந்த எலிசபெத் ஹப்பர்ட் என்னும் அம்மையாரின் மூலம் அறிந்த காயை அவர் பெயராலேயே விற்கத் தொடங்கினார். அதன் தோல் மிகக் கடினம். கத்திக்கு மசியாததால் கோடரியால் பிளப்பார்கள், அல்லது கல் படியில் ஓங்கிப் போட்டு உடைப்பார்கள். நம் தெருக்களில் திருஷ்டிக்காகப் பூசணி உடைப்பதைப் பார்த்திருக்கிறோம்; அவர்கள் உடைத்தது பசிக்காக!

ஏகார்ன் என்பது கையடக்கமானது. ஓக் மரத்தின் கொட்டை போன்ற வடிவம், கரும்பச்சைத் தோல், மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்கள். 1913-இல் அயோவா மாநிலத்து விதை நிறுவனம் ஒன்று இதனை 'டேபிள் குயின்', அதாவது மேசையரசி, என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாகப் பிளந்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம். அந்தக் குழியில் வெண்ணெயும் பாகும் தேங்கி நிற்கும். ஓவனில் சுடுவதற்கென்றே இறைவன் வார்த்த வடிவம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இயற்கை இனிப்பு இதில் குறைவு.

பட்டர்நட் என்பது மணி போன்ற வடிவம்; வெளியே சந்தன நிறம், உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம். 1940-களில் மாசசூசெட்ஸின் ஸ்டோ என்னும் ஊரில் சார்லஸ் லெகட் என்பவர் இதனை உருவாக்கினார். வெண்ணெய் போன்ற வழவழப்பும் கொட்டைப்பருப்பு போன்ற இனிப்பும் உடையது என்று அவர் வியந்ததாலேயே இப்பெயர் நிலைத்தது என்பர். 'வால்தம் பட்டர்நட்' என்னும் திருந்திய வகை 1970-இல் அகில அமெரிக்கத் தேர்வுப் பரிசைப் பெற்றது. கழுத்துப் பகுதி முழுவதும் சதை. விதையெல்லாம் அடிக்குமிழில் மட்டும். நறுக்குபவருக்கு இதைவிட வசதியான காய் கிடையாது.

இப்போது முதலில் குறிப்பிட்ட காத்திருத்தலுக்கு வருகிறோம். குளிர்காலக் காய் பறித்த அன்று அதன் முழுச் சுவையில் இருப்பதில்லை. அப்போது அதில் மாவுச்சத்து மிகுதி. ஹப்பர்ட், பட்டர்நட் ஆகியவற்றை முதலில் பத்து நாட்கள் வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தோலை இறுகச் செய்கிறார்கள். பிறகு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையுள்ள உலர்ந்த அறையில் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்குகிறார்கள். அங்கே காய் சும்மா கிடப்பதுபோல் தோன்றினாலும் அதனுள் வேலை நடக்கிறது. நொதிகள் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பட்டர்நட் இரண்டு மூன்று மாதம் தாங்கும்; ஹப்பர்ட் ஐந்தாறு மாதம்கூடத் தாங்கும். ஏகார்ன் மட்டும் பொறுமையில்லாதது. இரண்டு மாதத்திற்குள் உண்டுவிட வேண்டும். முழுக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லதன்று. 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால் காய் உள்ளுக்குள் கெடத் தொடங்கும்.

வாங்கும்போது எடைக்குக் கனமாகவும், தோல் பளபளப்பின்றி மங்கலாகவும், காம்பு ஒரு விரற்கடை நீளம் ஒட்டியிருப்பதாகவும் பார்த்து எடுக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியக்கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் புகும்.

சரி, ஏன் ஓவன்? கொதிக்கும் நீரில் வேகவைத்தால் ஆகாதா? இதை எங்கள் மனையியல் பாடவேளையில் சோதித்துப் பார்த்தோம். அமெரிக்கக் காய்க்கு எங்கே போவது? நம் சந்தைப் பரங்கிக்காய் ஒன்றையே இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியை உப்பிட்ட நீரில் வேகவைத்தோம். மறு பாதியைச் சிறிது எண்ணெய் தடவி ஓவனில் வைத்தோம். நீரில் வெந்தது கரண்டியில் குழைந்தது. வடித்த நீரைச் சகோதரி ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். அது இனித்தது! காயின் இனிப்பில் ஒரு பங்கு அந்த நீரோடு சாக்கடைக்குப் போக இருந்தது. ஓவனில் இருந்ததோ அளவில் சுருங்கி, ஓரங்கள் பழுப்பேறி, வகுப்பு முழுவதும் மணந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

காரணம் இதுதான். கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் உண்டாக அதைவிட அதிக வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் காயிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து புதிய சுவைகளை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு நாட்டு வேதியியலார் லூயி காமில் மெயார் 1912-இல் இதனை விளக்கியதால் மெயார் வினை என்கிறார்கள். தோசையின் முறுகல், காப்பிக்கொட்டையின் மணம், ரொட்டியின் மேல்தோல் எல்லாம் இவ்வினையின் பயனே. இன்னும் சூடு ஏறினால் சர்க்கரை தானே கருகத் தொடங்கிக் கேரமல் ஆகிறது. ஓவனின் வறண்ட வெப்பம் காயின் நீரை வெளியேற்றுவதால் எஞ்சிய இனிப்பு செறிவாகிறது. கொட்டைப்பருப்பின் சாயல் என்று சொல்கிறார்களே, அது பருப்பு சேர்ப்பதற்கு முன்பே இந்த வறுபடுதலால் வந்துவிடுகிறது.

செய்முறையைச் சொல்கிறோம். நால்வருக்கு ஒரு கிலோ அளவுள்ள பட்டர்நட் ஒன்றோ, சிறிய ஏகார்ன் இரண்டோ போதும். ஓவனை 200 டிகிரி செல்சியஸில் முன்னதாகவே சூடாக்கிக்கொள்ள வேண்டும். காயைக் கழுவித் துடைத்து, அசையாதபடி அடியில் ஒரு சீவல் சீவி நிறுத்தி, கனமான கத்தியால் நீளவாக்கில் பிளக்க வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. தோல் கடினமாதலால் கத்தி வழுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு உள்ளவர்கள் முள்கரண்டியால் பல இடங்களில் குத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அதில் வைத்து எடுத்தால் தோல் சற்று இளகும். விதையையும் நாரையும் கரண்டியால் வழித்தெடுத்து, விதையைத் தனியே வைக்க வேண்டும். வெட்டுமுகத்தில் எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ தடவி, அரைத் தேக்கரண்டி உப்புத் தூவி, வெட்டுமுகம் கீழாக இருக்கும்படி தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே எழும் ஆவி வெளியேறாமல் சதையை மென்மையாக்குகிறது; தட்டைத் தொடும் பகுதி பழுப்பேறுகிறது.

சிறிய காய்க்கு முப்பது நிமிடமும் பெரியதற்கு நாற்பதும் ஆனபின் எடுத்துத் திருப்பி, குழியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயையும் இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் பாகையும் பங்கிட்டு ஊற்றி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூளோ பட்டைத் தூளோ சேர்த்து, மேலும் பதினைந்து இருபது நிமிடம் சுட வேண்டும். நடுவில் ஒருமுறை குழியில் தேங்கிய பாகை எடுத்து ஓரங்களில் பூசிவிடுவது நல்லது. உடைத்த அக்ரூட் அல்லது பிகான் பருப்பு கால் கப் வேண்டும். அதைக் கடைசி எட்டு நிமிடத்தில் மட்டும் தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். கத்தி முனை தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. அரைகுறையாக வெந்த காயில் எந்தச் சுவையும் இராது. ஆகவே ஐயம் இருந்தால் இன்னும் பத்து நிமிடம் விட்டுவைக்கலாம்.

பட்டர்நட்டைத் தோல் சீவித் துண்டுகளாக்கியும் சுடலாம். அப்போது துண்டுகளை ஒரே அடுக்காக இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். நெருக்கிக் குவித்தால் அவை வறுபடுவதற்குப் பதிலாக ஒன்றன் ஆவியில் ஒன்று வெந்துபோகும். ஓவனில் வைத்ததன் பயனே இல்லாமற் போகும்.

மேப்பிள் பாகு என்பது சர்க்கரை மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சி எடுப்பது. குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், மரத்தில் துளையிட்டு அந்நீரைச் சேகரிக்கிறார்கள். ஏறத்தாழ நாற்பது லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். நம் நாட்டில் பதநீர் காய்ச்சும் அடுப்பின் முன் வியர்வை வழிய நிற்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேப்பிள் பாகும், பிகான் பருப்பும், காயும் அந்த மண்ணுக்கே உரியவை. வெண்ணெய் ஐரோப்பியர் கொண்டுசென்ற பசுவினால் வந்தது. பட்டையும் ஜாதிக்காயும் நம் பக்கத்துக் கீழ்நாட்டுச் சரக்கு. ஒரு சிறு தட்டுக்குள் மூன்று கண்டங்கள் அடங்கியிருக்கின்றன.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள் கொண்டாடப்படுகிறது. 1941-இல் இயற்றிய சட்டத்தால் நிலைபெற்ற நாள் இது. அன்று வான்கோழி இறைச்சியுடன் இத்தொடுகறி பல வீடுகளில் இடம்பெறுகிறது. உப்பும் கொழுப்பும் மிக்க இறைச்சிக்கு இதன் இனிப்பு நன்கு பொருந்தும். நாம் காரக்குழம்புக்கு இனிப்புப் பூசணிப் பச்சடி தொட்டுக்கொள்வது போன்றதே. ஆனால் சில வீடுகளில் கப் கப்பாகப் பழுப்புச் சர்க்கரையைக் கொட்டி, தொடுகறியை அல்வாவாக ஆக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏகார்னுக்குக் கொஞ்சம் இனிப்புச் சேர்ப்பது நியாயம். மாதக்கணக்கில் காத்திருந்து தானே இனிப்பான பட்டர்நட்டுக்கு எதற்கு? உப்பும் வெண்ணெயும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறும் போதும்.

உடல்நலத்தை எண்ணும்போதும் அதுவே சரி. சுட்ட பட்டர்நட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 40 கலோரிதான் உண்டு. அதன் ஆரஞ்சு நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டீனை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. அச்சத்து மிகவும் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பீட்டா கரோட்டீன் கொழுப்பில் கரைவது. ஆகவே சிறிது வெண்ணெயோ எண்ணெயோ சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். ஆக, வெண்ணெய் தேவையற்ற ஆடம்பரம் அன்று. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எப்போதாவது ஒரு காய் கடுமையாகக் கசந்தால் அதை உண்ணவே கூடாது. குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளால் வரும் கசப்பு அது, சமைத்தாலும் போகாது.

நம் பரங்கிக்காயில் இதைச் செய்யலாமா என்று அன்னையர் கேட்கக்கூடும். தாராளமாகச் செய்யலாம். பட்டர்நட்டும் நம் பரங்கிக்காயும் தாவரவியலில் ஒரே இனம்; குக்கர்பிட்டா மோஷ்சாட்டா என்பது பெயர். ஆம், நம் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பரங்கியர் வழி வந்ததால் பரங்கிக்காய். சென்னையில் போர்ச்சுகீசியர் வாழ்ந்த புனித தோமையார் மலையைப் பரங்கிமலை என்று அழைப்பதும் அதே சொல்லால்தான். பிறகு அது நம் வீட்டுப் பிள்ளையாகி, கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும், வேறு இடங்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் பெயர் பெற்றது. மார்கழியில் கோலத்தின் நடுவே வைக்கும் மஞ்சள் பூவும் அதன் பூவே. சாம்பல் பூத்த வெண்பூசணி மட்டும் வேறு இனம். அது ஆசியாவிற்கே உரிய பழைய காய். அதை ஓவனில் சுட்டுப் பயனில்லை, நீராகவே ஓடிவிடும்.

நம் பரங்கியில் பட்டர்நட்டைவிட நீர் அதிகம். ஆகவே நன்கு முற்றிய, உள்சதை அடர்ந்த நிறமுள்ள கீற்றாகப் பார்த்து வாங்கி, ஒரு விரற்கடைக் கனமுள்ள துண்டுகளாக்கி, பத்து நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும். மேப்பிள் பாகுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு நன்றாகப் பொருந்துகிறது. அதன் புகைமணம் இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. அக்ரூட்டுக்குப் பதில் வறுத்த நிலக்கடலையோ முந்திரியோ தூவலாம். அவையும் தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவையே. ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவி, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மூடி போட்டு இளந்தீயில் வைத்து, வெந்தபின் மூடியை எடுத்துவிட்டு இரு பக்கமும் சிவக்கவிடலாம். முழுச் சுவை வராது. முக்கால் சுவை வரும்.

விதையைத் தனியே வைக்கச் சொன்னோமல்லவா? அதை நாரின்றிக் கழுவி, துணியில் பரப்பி உலர்த்தி, சிறிது எண்ணெயும் உப்பும் பிசறி, 150 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் வறுத்தால் மாலை நேரத்திற்கு நல்ல கொறிப்பு. நாங்கள் எல்லாவற்றையும் கொறித்துவிடவில்லை. சமையலறைக்குப் பின்புறம், குழாய்த் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஐந்து விதைகளை ஊன்றினோம். நான்கு முளைத்துக் கொடி ஓடுகின்றன. ஒன்றில் இரண்டு பூக்கள் மலர்ந்திருக்கின்றன. இரண்டும் ஆண் பூக்கள். பெண் பூ அதன் பிறகுதான் வரும் என்று தோட்டக்காரத் தாத்தா சொல்கிறார்.